கால் வெள்ளிக்கிழமை

சென்ற வெள்ளிக்கிழமை கொட்டாஞ்சேனையில் ஒரு பள்ளிக்கூடத்தின் நான்காம் தர வகுப்பில், கடைசி வாங்கில், முழங்கால் நாடியில் முட்ட உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகளின் வாங்குகள் பிள்ளைகளுக்காகச் செய்யப்பட்டவை என்பதை ஒவ்வொரு பாடசாலையிலும் என் இடுப்பு எனக்கு நினைவூட்டுகிறது. நான் இப்போது ஆசிரிய ஆலோசகர். அதாவது, மற்றவர்கள் படிப்பிப்பதைப் பின்னாலிருந்து பார்த்து, குறிப்பெழுதி, தேநீர் குடித்துவிட்டு வருகிறவன். இதில் தேநீர்ப் பகுதியை நான் மிகவும் சிரத்தையாகச் செய்வேன் என்று ஒரு பேச்சு உண்டு.

அன்று பாடம் பின்னம். இளம் ஆசிரியை. சுவரில் வெண்திரை, அதில் வட்டமாக ஒரு பீட்சா. அவர் ஒரு பொத்தானை அழுத்த அது எட்டாகப் பிரிந்தது. இன்னொன்றை அழுத்த, ஒரு துண்டு மட்டும் எழும்பிப் பறந்து திரையின் மூலையில் போய் நின்றது. பிள்ளைகள் கை தட்டினார்கள். துண்டுகள் எல்லாம் ஒரே அளவு, மயிரிழை வித்தியாசமில்லை. ஆனால் ஒரு பிள்ளைக்கும் எச்சில் ஊறவில்லை. "மிக நன்று" என்று எழுதினேன். வேறென்ன எழுத? என் பாடத்தில் எச்சில் ஊறியது என்றா?

இடைவேளை மணி அடித்தது. அதிபரின் அறையில் தேநீரும், பக்கத்தில் பீங்கான் தட்டில் ஒரு மீன் பணிசும் வந்தன. முக்கோணமாக மடித்து, மேலே முட்டை பூசி மினுக்கிய அதே பணிஸ். மிளகும் வெங்காயமும் அவணில் வெந்த மாவும் சேர்ந்த அந்த மணத்தைக் கொழும்பில் வளர்ந்தவன் நித்திரையிலும் அடையாளம் கண்டுகொள்வான். மணம் மூக்கில் ஏறியதுதான் தாமதம், என் கை தட்டுக்கு மேலே அந்தரத்தில் நின்றுவிட்டது.

"என்ன சேர், வெள்ளிக்கிழமை சைவமோ?" என்றார் ஆசிரியை. "முதலே சொல்லியிருந்தால் வடை எடுப்பிச்சிருப்பன்."

"முழுச் சைவம் எண்டில்லை மிஸ். கால்வாசி."

அவர் சிரித்தார். நான் பகிடிக்காரன் என்று பெயரெடுத்தவன். உண்மையைச் சொன்னாலும் சிரித்துவிடுவார்கள். அதில் வசதிகள் நிறைய. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அது எனக்கு வசதியாக இருந்ததில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். நீங்களும் சிரித்துக்கொண்டே கேட்கலாம், தடையில்லை.

நான் முதன்முதலில் படிப்பித்ததும் இதே கொட்டாஞ்சேனையில்தான், இந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து சில தெருக்கள் தள்ளி. யுத்தம் முடிந்து சில வருடங்கள். நான் வெள்ளவத்தைப் பொடியன். கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் பிளட்டில் வளர்ந்தவன். சாதாரண தரச் சோதினையில் கணக்கு எனக்கு இரண்டாம் முறைதான் ஏறியது. அந்தத் துக்கத்தில் தமிழும் வரலாறும் படித்து, எப்படியோ ஆசிரியர் நியமனம் எடுத்துக்கொண்டு போனால், அதிபர் மிஸ் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தம்பி சேர், கணக்கு வருமோ?" என்று கேட்டார்.

"வரும் மிஸ்."

எங்கேயிருந்து வரும் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கணக்காசிரியர் மாற்றலாகிப் போய் ஒரு தவணை ஆகியிருந்தது. அன்று பின்னேரமே நான்காம் தரத்துக் கணக்குப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி என்று பாடமாக்கினேன். அம்மா வெளியே நின்று, "உனக்கு இன்னும் சோதினை முடியேல்லையோடா?" என்று கேட்டார்.

அந்த வகுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாதிப் பிள்ளைகள் கத்தோலிக்கர். துறைமுகத்திலும் மீன் வியாபாரத்திலும் இருக்கிற குடும்பங்கள். மற்றப் பாதி சைவப் பிள்ளைகள். அதில் பலர் மலையகத்திலிருந்து வந்து, செட்டியார் தெருக் கடைகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் வேலை செய்கிற வீடுகளைச் சேர்ந்தவர்கள். யாருக்காவது பிறந்தநாள் என்றால் ரோல்ஸோ பற்றீஸோ வகுப்புக்கு வரும். அது வெள்ளிக்கிழமையாக அமைந்துவிட்டால், சைவப் பிள்ளைகளின் மீன் ரோல்ஸ் மேசைக்குக் கீழால் கத்தோலிக்கப் பிள்ளைகளிடம் போய்விடும். ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தில் இறைச்சி ரோல்ஸ் வந்தால் அது எதிர்ப்பக்கமாகத் திரும்பி வரும். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஆசிரியர்களுக்குத் தெரியவே தெரியாது. மேசைக்கு மேலே எல்லாரும் "தேங்யூ" சொல்லி ஆளுக்கொன்று எடுப்பார்கள்; பண்டமாற்று முழுக்கக் கீழே. இதில் மொத்த வியாபாரி பெனடிக்ட் என்ற பொடியன். உருண்டையாக, எப்போதும் எதையாவது மென்றுகொண்டிருப்பான்.

அவனுக்குப் பக்கத்தில் தர்ஷினி. மெலிந்த பிள்ளை, இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை. தகப்பன் ஹட்டன் பக்கம் தோட்டத்தில். தாய் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தார். இவள் கொட்டாஞ்சேனையில் சின்னம்மா வீட்டில். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வாள். அந்தப் பதில் பெரும்பாலும் சரியாக இருக்கும். கணக்கு வராத ஆசிரியனுக்கு இப்படியொரு பிள்ளை வகுப்பில் இருப்பது எவ்வளவு பெரிய உதவி தெரியுமா? கரும்பலகையில் விடையை எழுதிவிட்டு அவளுடைய முகத்தைப் பார்ப்பேன். புருவம் சுருங்கினால் அழித்துவிடுவேன். "கவனிக்கிறீங்களோ எண்டு பாத்தனான்" என்று ஒரு சிரிப்பு. பிள்ளைகளும் சிரிப்பார்கள். வண்டி அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாம் தவணையில் ஓலை வந்தது. என்னைச் சேவையில் நிரந்தரமாக்குவதற்கு ஆலோசகர் ஒருவர் வந்து என் பாடத்தைப் பார்ப்பார். பாடம் சரியில்லை என்று அவர் எழுதினால் நியமனம் இழுபடும், அறுந்தும் போகலாம். அப்பா ஓய்வு பெற்றிருந்தார். வீட்டு வாடகை என் தலையில். அதிபர் மிஸ் சொன்னார்: "பின்னம் செய்யுங்கோ தம்பி சேர். சாமான் வைச்சுச் செய்தா அவைக்குப் பிடிக்கும்."

சாமான் வைத்துச் செய்வது என்று முடிவு பண்ணினேன். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முனைப் பேக்கரியில் சதுரமாக ஒரு பட்டர் கேக் சொல்லிவைத்தேன். சதுரத்தை இரண்டாக வெட்டலாம், நான்காக வெட்டலாம், எட்டாகவும் வெட்டலாம். கணக்கு வராதவனுக்குக் கடவுள் கொடுத்த உருவம் சதுரம். காலையில் பெட்டியை ஏந்திக்கொண்டு மட்டக்குளி பஸ்ஸில் ஏறினேன். சனம் நெரிந்தது. ஒரு கை கம்பியில், மறு கை கேக்கில் என்று நான் நடனமாடுவதைப் பார்த்து, சீட்டில் இருந்த ஒரு சிங்கள அங்கிள், "தென்ன மல்லி", தா தம்பி என்று கையை நீட்டினார்.

உங்களில் இளையவர்களுக்கு இது விளங்காது. அப்போது பஸ்ஸில் நிற்கிறவனின் பையை இருக்கிறவர் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். முகம் தெரியாதவர், மொழி தெரியாதவர், ஒன்றும் பொருட்டில்லை. யுத்த காலத்தில் அடுத்தவன் பார்சலைக் கண்டாலே விலகி இருந்தார்கள். ஒரு தமிழ்ப் பொடியன் பெட்டியொன்றை நீட்டியிருந்தால் முழு பஸ்ஸும் குதித்து இறங்கியிருக்கும். யுத்தம் முடிந்த பிறகுதான் மடிகள் மெல்ல மெல்லத் திரும்பி வந்தன. நானும் மகிழ்ச்சியோடு கேக்கைக் கொடுத்தேன். அங்கிள் அதைத் தன் பேரப்பிள்ளை மாதிரி அணைத்துக்கொண்டார். நான் கண்ணை மூடி, தொகுதி மேலே பகுதி கீழே என்று செபித்துக்கொண்டு வந்தேன். கொட்டாஞ்சேனைச் சந்தி வந்தது. இறங்கினேன். வீதியைக் கடந்தேன். பள்ளிக்கூட வாசலில் அதிபர் மிஸ், "எங்கே தம்பி சேர் கேக்?" என்றபோதுதான் இரண்டு கையும் வெறுமையாக இருப்பதைப் பார்த்தேன்.

கேக் மட்டக்குளிக்குப் போய்விட்டது. அன்று அந்த அங்கிள் வீட்டில் யாருக்காவது பிறந்தநாளாக இருந்திருக்க வேண்டும் என்று இன்றுவரை பிரார்த்திக்கிறேன்.

சந்திப் பேக்கரிக்கு ஓடினேன். கேக் இல்லை, பாண் முடிந்துவிட்டது. முதலாளி கண்ணாடி அலுமாரியைக் காட்டி, "மாலு பான் விதரய் மாத்தயா" என்றார். மீன் பணிஸ் மட்டும்தான். தட்டோடு வாங்கிக்கொண்டு ஓடினேன். வாங்கும்போது எனக்குள் ஒரு குரலாவது, 'டேய், இன்றைக்கு வெள்ளிக்கிழமை' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. காரணம் வெட்கக்கேடானது: அம்மாவுக்குத் தெரியாமல் வெள்ளிக்கிழமைகளில் பேக்கரி வாசலில் நின்று மீன் பணிஸ் தின்பது என் நீண்டநாள் பழக்கம். அந்தக் குரலை நானே எப்போதோ ஊமையாக்கிவிட்டிருந்தேன்.

ஆலோசகர் பின் வாங்கில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளை முழுக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா, முகத்தில் ஒன்றுமில்லை. நான் பிள்ளைகளை நாலு பேர் நாலு பேராகப் பிரித்து, குழுவுக்கு ஒரு பணிஸ் கொடுத்தேன். சமமான நான்கு பங்காகப் பிரிக்க வேண்டும். கத்தி இல்லை, அடிமட்டத்தால் வெட்டச் சொன்னேன்.

முக்கோணத்தை நான்கு சம பங்காக அடிமட்டத்தால் வெட்டிப் பார்த்திருக்கிறீர்களா? வேண்டாம். மூலைத் துண்டு வெறும் மாவு, நடுத்துண்டு முழுக்க மீன். ஒரு குழு பிய்த்தது, ஒரு குழு நசித்தது. பெனடிக்ட் எழும்பி, "சேர், இந்தத் துண்டில மீனே இல்ல. இதும் காலா?" என்றான்.

"பகுதி சமன்தானே பெனடிக்ட்?"

"பகுதி சமன் சேர். மீன் சமனில்ல."

வகுப்பு சிரித்தது. பின் வாங்கில் பேனா ஓடும் சத்தம் கேட்டது. எனக்கு முதுகில் வேர்வை வழிந்தது. இப்போது ஒரு பின் வாங்குக்காரனாகச் சொல்கிறேன்: அந்தச் சத்தம் முன்னால் நிற்பவனுக்குக் கேட்பதுபோல உலகத்தில் வேறு எவருக்கும் கேட்காது. சில வேளை நாங்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வாங்க வேண்டிய சாமானைத்தான் எழுதிக்கொண்டிருப்போம்.

ஆலோசகர் எழுந்து முன்னால் வந்தார். நேரே பெனடிக்ட்டின் குழுவுக்குப் போய் தர்ஷினிக்குப் பக்கத்தில் நின்றார்.

"பிள்ளை, உம்மட பங்கு எவ்வளவு?"

"கால், சேர்."

"அதைச் சாப்பிட்டால் பணிஸில மிச்சம் எவ்வளவு இருக்கும்?"

"முக்கால், சேர்."

"எங்கை, சாப்பிட்டுக் காட்டும் பாப்பம்."

தர்ஷினி அசையவில்லை. மேசைக்குக் கீழே பெனடிக்ட்டின் கை நீளுவதை நான் கண்டேன். இவன் ஏன் இந்த நேரத்தில் குரங்குச் சேட்டை விடுகிறான் என்றுதான் நினைத்தேன். தர்ஷினி என்னைப் பார்த்தாள். கரும்பலகையில் நான் பிழை விட்டால் சுருங்குமே, அதே புருவம். ஆலோசகரும் என்னைப் பார்த்தார். நான் பிள்ளையைப் பார்த்துப் பல்லைக் காட்டி, கண்ணடித்து, "வெக்கப்படாமல் சாப்பிடும் பிள்ளை" என்றேன்.

அவள் சாப்பிட்டாள். அவளுக்கு வந்தது மீன் நிறைந்த நடுத்துண்டு. மருந்து குடிப்பதுபோல விழுங்கிவிட்டு, "இப்ப முக்கால் சேர்" என்றாள். ஆலோசகர் முதன்முறையாகச் சிரித்தார். "நல்ல முயற்சி தம்பி. சாமான் வித்தியாசமாயிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். மேசைகளுக்குக் கீழே மிச்சத் துண்டுகள் எல்லாம் கைமாறின. மணி அடித்தபோது பெனடிக்ட் நடக்க முடியாமல் நடந்தான்.

நான் மிதந்துகொண்டிருந்தேன். பெனடிக்ட்தான் வந்து என்னைத் தரையில் இறக்கினான்.

"சேர், தர்ஷினி வெள்ளிக்கிழமை மீன் தின்ன மாட்டா. தீபாவளிக்கு அவட அம்மா வரணும்னு, வர்ற வரைக்கும் கோயில்ல நேர்த்தி வச்சிருக்கா. நான் கையை நீட்டினேன் சேர், நீங்கதான்..."



அவள் தண்ணீர்க் குழாயடியில் நின்றாள். வாயைக் கொப்பளித்துத் துப்பினாள், மறுபடியும் கொப்பளித்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?"

"அந்த சேர் எழுதிக்கிட்டே இருந்தாருங்க. ஒங்களுக்கு சட்டையெல்லாம் வேர்த்திருச்சு." தாவணி கட்டாத வயதுப் பிள்ளை, என்னைத் தேற்றுகிற குரலில் சொன்னாள்: "பரவால்லீங்க சேர். முழுசும் கெடல. கால்தானே தின்னேன்? முக்கா வெள்ளிக்கிழமை இன்னும் இருக்கு."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நேரத்திலும் எனக்குள் இருந்த ஆசிரியன் துள்ளினான். என்னிடம் படித்த ஒரு பிள்ளை பின்னத்தை இப்படி விளங்கியிருக்கிறது! உடனே பகிடிக்காரனும் எழும்பிவிட்டான்.

"அப்ப ஒண்டு செய்வம். அந்தக் கால் வெள்ளியை நான் பிடிக்கிறன். உம்மட முக்கால், என்ர கால். கூட்டினால்?"

"ஒண்ணு, சேர்."

"முடிஞ்சுது. தீபாவளிக்கு அம்மா வந்திடுவா."

நான் அதைப் பகிடியாகத்தான் சொன்னேன். அவள் பகிடியாக எடுக்கவில்லை. முகம் கழுவித் துடைத்துக்கொண்டு, ஒப்பந்தத்தின் விபரங்களைச் சொன்னாள். அடுத்த வெள்ளிக்கிழமை எழும்பினதிலிருந்து இடைவேளை மணி அடிக்கும்வரை நான் ஒன்றும் சாப்பிடக் கூடாது. தண்ணீர் மட்டும் குடிக்கலாம். "அது கால்வாசிக்குச் சரியா வரும் சேர்."

இவ்வளவுதான் விரதம். ஒரு காலைச் சாப்பாடு. மலையேறச் சொல்லவில்லை, அலகு குத்தச் சொல்லவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா தோசை சுட்டார், வேண்டாம் என்றேன். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பஸ்ஸில் வரும்போது என்னை நானே மெச்சிக்கொண்டு வந்தேன். சந்தியில் இறங்கினால், பேக்கரி முதலாளி தூரத்திலேயே கண்டுவிட்டார். போன வெள்ளி ஒரு தட்டையே வாங்கியவன் அல்லவா! "மாத்தயா!" என்று கூப்பிட்டு, அவணிலிருந்து இறக்கிய சூட்டோடு கடதாசியில் சுற்றி ஒன்றை என் கையில் திணித்தார். காசும் வாங்கவில்லை. கை சுட்டது, மணம் ஏறியது, பழக்கதோஷத்தில் வாய் திறந்தது. பாதியில்தான் ஞாபகம் வந்தது. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். எப்படியும் உடைந்த விரதம், மிச்சப் பாதியை எறிந்தால் முதலாளி மனம் நோவார் என்று ஒரு நியாயம் கண்டுபிடித்து அதையும் தின்றேன். சட்டையில் விழுந்த துகள்களைத் தட்டிவிட்டு வகுப்புக்குள் போனேன்.

தர்ஷினி முதல் வரிசையில் காத்திருந்தாள். தலையைக் கேள்வியாக ஆட்டினாள்.

"ஓம் பிள்ளை," என்றேன். "தண்ணி மட்டும்தான்."

அவள் சிரித்தாள். அந்தப் பிள்ளை பல் தெரியச் சிரித்ததை அன்றுதான் கண்டேன். அடுத்த வெள்ளி பிடித்துச் சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வெள்ளி மழை. அதற்கடுத்தது என்னவோ. பிறகு நினைக்கவுமில்லை. நியமனம் நிரந்தரமாகிக் கடிதம் வந்த நாளில் வகுப்புக்கே டொபி வாங்கிக் கொடுத்தேன். நல்ல மனிதன் என்று பெயர்.

தீபாவளி வந்தது. தாய் வரவில்லை. குவைத்தில் மேடம் பாஸ்போட்டைக் கொடுக்கவில்லையாம், இன்னும் எவ்வளவு காலமோ தெரியாதாம் என்று சின்னம்மா அதிபரிடம் வந்து சொல்லி அழுதுவிட்டுப் போனார். விடுமுறைக்குப் பிறகு வந்த தர்ஷினி அழவில்லை. அன்று கரும்பலகையில் பின்னங்களைக் கூட்டினோம். மணி அடித்து எல்லாரும் ஓடிய பிறகு அவள் மட்டும் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"சேர், முக்காலும் காலும் ஒண்ணுதானே?"

"ஓம்."

"எப்பவுமா?"

"எப்பவும்தான் பிள்ளை."

அவள் யோசித்தாள். அந்தப் புருவம் சுருங்கியது. ஆனால் இந்த முறை அவளுடைய கண் கரும்பலகையில் இல்லை. தன் கைவிரல்களில் இருந்தது.

"அப்ப என்னோட முக்கால்லதான் எங்கயோ பிழை. நீங்க ஒங்க காலைச் சரியாப் புடிச்சீங்க. நான்தான்... வாய் கொப்பளிச்சப்ப கொஞ்சம் முழுங்கியிருப்பேன் சேர்."

அதுதான் அந்த இடம். இத்தனை வருடமாக நான் சுற்றிச் சுற்றி வருகிற இடம். ஒரு வசனம் போதும். 'பிள்ளை, உம்மட முக்கால் சரி, என்ர கால்தான் பிழை.' நான்காம் தரத்துப் பிள்ளைக்கும் விளங்கும் வசனம். அவள் கொஞ்சம் கோபித்திருப்பாள், பெனடிக்ட்டிடம் சொல்லியிருப்பாள், அவன் முழுப் பள்ளிக்கூடத்துக்கும் சொல்லியிருப்பான். என் மானம் கொஞ்சம் போயிருக்கும். அவ்வளவுதான் செலவு. நான் என்ன செய்தேன் தெரியுமா? பகிடி விட்டேன்.

"சில கணக்குக்கு விடை வரக் கொஞ்சம் பிந்தும் பிள்ளை. எனக்குச் சாதாரண தரமே ரெண்டாம் முறைதானே வந்தது."

மரியாதைக்காக அவள் சிரித்தாள். அது பல் தெரியாத சிரிப்பு.

அடுத்த வருடம் அவள் வரவில்லை. சின்னம்மா குடும்பம் ஹெந்தளைப் பக்கம் வீடு மாறிப் போய்விட்டது என்றார்கள். ஹெந்தளை தூரமில்லை, பாலத்தைத் தாண்டினால் வத்தளை, அதற்கப்பால் அதுதான். ஒரு சனிக்கிழமை போய் விசாரித்திருக்கலாம். போக வேண்டுமென்று நினைத்த சனிக்கிழமைகள் எனக்கு நிறைய உண்டு.

சில வருடங்களுக்கு முன் விசேஷமொன்றுக்குப் பெரிய மீன் வேண்டும் என்று விடியற்காலையில் பேலியகொடை மீன் சந்தைக்குப் போனேன். ஐஸ் தண்ணீரில் சப்பாத்து ஊறிக்கொண்டிருக்க, பின்னாலிருந்து ஒரு குரல், "சேர்! பகுதி சமன், மீன் சமனில்ல!" என்று கத்தியது. திரும்பினால் பெனடிக்ட். ரப்பர் சப்பாத்து, கையில் பெரிய கத்தி, இரண்டு ஆள் பருமன். தோரா ஒன்றைத் தூக்கிப் பலகையில் போட்டு, கேட்காமலே துண்டு போட்டான். எல்லாத் துண்டும் ஒரே தடிப்பு. அடிமட்டம் வைத்தாலும் பிழை பிடிக்க முடியாது.

"தர்ஷினியைக் காணுறனியா?" என்று கேட்டேன், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

"முந்தி ஒருக்கா வத்தளையில கண்டேன் சேர். அவட அம்மா வந்துட்டாங்க."

"எப்ப?"

"தெரியா சேர். ரெண்டு மூணு வருசம் பிந்தித்தான். அதுவரைக்கும் வெள்ளிக்கிழமை முழுப் பட்டினியாம் சேர் அவ. மீன் மட்டுமில்ல, சோறும் இல்லையாம். சின்னம்மா ஏசியும் கேக்கல்லையாம்." கத்தியை வாளியில் கழுவிக்கொண்டே சொன்னான். "அப்பவே அவ அப்படித்தானே சேர்? கணக்குல பிழை வந்தா விடமாட்டாளே."

மீன் பையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் எல்லாரும் மீன் நல்லாயிருந்தது என்றார்கள்.

இப்போது நான் ஆசிரியர்களுக்குச் செயலமர்வு நடத்துகிறேன். "பிள்ளையின் பிழையைத் திருத்த முதல், உங்கள் பக்கத்து வேலையை ஒருமுறை பாருங்கள்" என்று அங்கே ஒரு வசனம் சொல்வேன். எல்லாரும் குனிந்து எழுதிக்கொள்வார்கள். அந்த நேரம் நான் யன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். வெள்ளிக்கிழமைகளில் எழும்பினதிலிருந்து இடைவேளை மணிவரை ஒன்றும் சாப்பிடுவதில்லை. தாய் வந்தாயிற்று, நேர்த்தி முடிந்தாயிற்று. காலங்கடந்து கட்டுகிற விரதத்துக்குப் பலன் ஏதும் கிடையாது என்பது எனக்கும் தெரியும்.

ஆகவே சென்ற வெள்ளிக்கிழமை அந்தத் தட்டைத் தள்ளி வைத்தேன். இடைவேளை மணிதான் அடித்துவிட்டதே, சாப்பிட்டால் என்ன என்று கேட்பீர்கள். கேட்கலாம். அந்த மணத்தோடு அது தொண்டையில் இறங்காது. ஆசிரியை விடவில்லை, பணிசைக் கடதாசியில் சுற்றி, "வீட்டை கொண்டுபோங்கோ சேர்" என்று கையில் தந்துவிட்டார். சந்திக்கு நடந்தேன். பேக்கரி இருந்த இடத்தில் போன் கவர் விற்கிறார்கள். நான் படிப்பித்த வகுப்புக் கட்டடத்தை இடித்து மாடி கட்டிவிட்டார்கள். குழாயடி இருந்த இடத்தில் வாகனம் நிறுத்துகிறார்கள்.

வெள்ளவத்தை போகும் பஸ் வந்தது. சனம் நெரிந்தது. ஒரு தோளில் பை, ஒரு கையில் கம்பி, மறு கையில் சூடு இன்னும் ஆறாத அந்தப் பணிஸ். யாராவது கையை நீட்டுவார்கள் என்று பழைய ஞாபகத்தில் சீட்டுகளைப் பார்த்தேன். ஒருவரும் நிமிரவில்லை. எல்லா மடியிலும் போன் இருந்தது. கடதாசியில் மெல்ல எண்ணெய் ஊறி என் விரலுக்கு வந்தது. வெள்ளவத்தை வரைக்கும் அதை நானே பிடித்துக்கொண்டு நின்றேன்.